நாக்கின் கீழே ஐந்து துளி

1

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மலர் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். மலர் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கும் என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. இதுதான் முதல்தரம்.

"வதனா, உங்கை கஞ்சா எண்ணெய் கடையளிலையே விக்கினமாம், மெய்யே? அம்மாவுக்கு மூட்டுவலி. இருந்தா எழும்ப ஏலாது. ஆரும் வரேக்கை ஒரு சின்னப் போத்தல் குடுத்துவிடும். மூலிகைதானே, ஒண்டும் செய்யாதாம். எங்கட சித்த வைத்தியத்திலையும் இருந்ததாம்."

பதில் அனுப்ப எனக்கு ஐந்து நாள் பிடித்தது. பதிலின் முதல் பாதி சுருக்கமானது: முடியாது. இங்கே கடையில் வாங்குவது சட்டப்படி சரி. அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவது இங்கேயும் குற்றம், அங்கேயும் குற்றம். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அது மருந்தாகிவிட்டது என்றும், மருந்து என்பதற்காக அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் ரொறன்ரோவிலேயே எத்தனையோ பேர் நினைக்கிறார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் நினைத்தது.

மற்றப் பாதி நீளமானது. அது மலருக்கு மட்டும் உரியதல்ல என்று பட்டதால் இங்கே எழுதுகிறேன். மாசி மாதத்தில் என் அத்தானின் ஆண்டுத் திவசம் நடந்தது. அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொன்னால்தான் மலருக்கு நான் ஏன் போத்தல் அனுப்பவில்லை என்பது விளங்கும்.

2

அத்தானின் பெயர் தருமலிங்கம். என் ஒரே அக்கா புவனாவின் கணவர். ஊரில் மதுவரித் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கஞ்சா பிடிபட்ட வழக்குகளுக்கு அறிக்கை தட்டச்சுச் செய்வது அவர் வேலை. எத்தனை கிராம், எந்தச் சாக்கு, யாருடைய வீட்டுக் கோடிப்புறம், எல்லாம் அவர் விரலால் தட்டியவை. வழக்கு முடிந்தபின் அலுவலகத்துக்குப் பின்னால் சாக்குகளைப் போட்டு எரிப்பார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் உடுப்பைக் கிணற்றடியிலேயே கழற்றி நனைத்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம். மற்றவர்களுக்குக் கஞ்சா ஒரு செடி. அவருக்கு அது வழக்கு இலக்கம். அந்தச் சொல்லைக்கூட வீட்டில் பெண்களுக்கு முன்னால் சொல்லமாட்டார், "அந்தச் சாமான்" என்பார்.

நான் கனடாவுக்கு வந்தபோது அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற இடத்தில் பதினாறாம் மாடியில் இருந்தார்கள். ஒரு படுக்கையறை, ஆறு பேர். என்னை அவர்கள்தான் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய மகள் அபி அங்கேதான் பிறந்தாள். அத்தானுக்கு நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் காவல் வேலை. இரண்டு வேலைக்கு ஓடிய மனிதருக்கு ஆங்கிலம் படிக்க நேரம் கிடைக்கவில்லை. நான் இளையவள், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். அதனால் குடும்பத்தின் வாய் நான் ஆனேன். குடிவரவுக் கந்தோர், அபியின் பள்ளிக்கூடம், வீட்டு மனேஜர், டொக்டர், எல்லா இடத்திலும் நான்தான் பேசினேன்.

தொடக்கத்தில் தவறுகள் நடந்தன. அக்காவுக்குத் தலைச்சுற்று என்பதை "அவளுடைய தலை சுழல்கிறது" என்று நான் ஆங்கிலத்தில் சொல்ல, நேர்ஸ் அக்காவின் கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்தோம். பிறகு மொழி சரியாக வந்தது. மொழியோடு ஒரு பழக்கமும் வந்தது. கடுமையான வார்த்தையைக் கொஞ்சம் தணித்துச் சொல்லுவேன். கந்தோரில் யாராவது அத்தானை அலட்சியமாகப் பேசினால் அதைத் தமிழில் விட்டுவிடுவேன். அத்தான் கோபத்தில் திருப்பிச் சொன்னால் அதை ஆங்கிலத்தில் விட்டுவிடுவேன். இது நல்ல மனதின் வேலை என்றுதான் நம்பினேன்.

அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியபோது டொக்டர் "மாதங்கள் இல்லை, கிழமைகள்தான்" என்றார். நான் அத்தானிடம், "கொஞ்சம் கடுமையாத்தான் இருக்காம், பாப்பமாம்" என்றேன். அக்கா ஆறு கிழமையில் போய்விட்டாள். செத்தவீடு முடிந்த பிறகு அத்தான் ஒரே ஒரு தரம் கேட்டார்.

"வதனா, அண்டைக்கு டொக்டர் உண்மையா என்ன சொன்னவர்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும்.

3

அக்கா போனபின் அத்தான் ஸ்காபரோவில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார். அவருக்கு இதயத்தில் ஒரு செயற்கை வால்வு பொருத்தியிருந்தது. வால்வில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காக நாளும் விழுங்க ஒரு குளிசை. இரத்தத்தை இளக்கும் குளிசை என்று நாங்கள் சொல்லுவோம். அது கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டிபடும். அதனால் மாதம் ஒருமுறை கிளினிக்கில் விரலில் குத்தி, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு எண் பார்ப்பார்கள். எண்ணுக்கு ஏற்றபடி குளிசையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்த அப்பொயின்ற்மென்ற்களுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை.

அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. சாதாரண நோவுக் குளிசைகளில் பாதி அந்த இரத்தக் குளிசையோடு ஒத்துவராதவை. டொக்டர் அனுமதித்த ஒன்றிரண்டு வேலை செய்யவில்லை. பஸ் தரிப்பிடம் வரை நடப்பதே பாடாகி, கடைசியில் வீட்டோடு இருந்துவிட்டார்.

அபி கலியாணம் கட்டி, ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கத்தில் இருந்தாள். கம்பியூட்டர் வேலை, பெரிய வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் தகப்பனிடம் மூன்று கேள்வி கேட்கப் போதும்: "அப்பா சாப்பிட்டீங்களா? குளிசை போட்டீங்களா? குளிருதா?" அதற்கு மேலே போனால் இரண்டு பேரும் தடுமாறுவார்கள். தகப்பன் ரிவியைப் பார்ப்பார், மகள் போனைப் பார்ப்பாள். ஆனால் அவளுக்குத் தகப்பனில் உயிர். அவர் கதிரைப் பிடியை ஊன்றி எழும்ப முயன்று திரும்ப விழுந்து இருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

இனி எழுதுவது பின்னர் அபி சொல்லி எனக்குத் தெரிந்தது. அவள் இணையத்தில் தேடினாள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற எண்ணெய், போதை தராத வகை, மூட்டுவலிக்கு எத்தனையோ பேருக்குச் சுகம் தந்தது என்று வாசித்தாள். அனுமதி பெற்ற கடைக்குப் போனாள். "போதை வருமா?" என்று மட்டும் கேட்டாள். வராது என்றார்கள். அது உண்மை. வேறு மருந்தோடு சேருமா என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மருந்தில்தானே பிரச்சினை, இது இலை, இயற்கை, ஆகவே இரத்தக் குளிசையோடு சண்டை பிடிக்காது என்று அவள் எண்ணினாள். மற்ற நோவுக் குளிசைகளுக்குப் பயந்துதான் அவள் இதைத் தேடியதே.

போத்தலில் கஞ்சா என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. வேறு மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்கவும் என்று உள்ளே ஒரு துண்டும் இருந்தது. தகப்பன் பார்த்தால் போத்தலைத் தூக்கி எறிவார் என்று அவளுக்குத் தெரியும். சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தெடுத்தாள். கறுப்புப் பேனையால் '5' என்று எழுதி, "அப்பா, நாக்குக்குக் கீழ, காலம, பின்னேரம். நல்ல எண்ணெய்" என்றாள்.

மகள் தந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை அத்தான் போனில் என்னிடம், "அபி ஒரு எண்ணெய் கொண்டுவந்து தந்தவள். சோக்கான எண்ணெய். இண்டைக்குக் கடைப்பக்கம் நடந்துபோட்டு வந்தனான்" என்றார். முழங்காலுக்கு எண்ணெய் என்றால் எங்கள் ஆட்கள் எதை நினைப்பார்கள்? பூசுகிற எண்ணெய் என்று நினைத்தேன். "நல்லது அத்தான்" என்றேன்.

சுகம் கண்டவர் ஐந்து துளியைப் பத்தாக்கினார். அதையும் பின்னர்தான் அறிந்தோம்.

4

தை மாதம் கிளினிக்குக்குப் போனோம். அத்தான் ஊன்றுபொல் இல்லாமல் நடந்து வந்தார். எனக்குச் சந்தோஷம். மேற்சட்டையைக் கழற்றும்போது முழங்கைக்குக் கீழே ஒரு பெரிய நீலக் கண்டல் தெரிந்தது.

"என்ன அத்தான் இது?"

"கதவிலை இடிபட்டிருக்கும்."

நேர்ஸ் இளம் பெண், பொறுமையானவள். போனில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கவா என்று வழமைபோலக் கேட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி காத்திருக்க வேண்டும். எனக்கு மதியம் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன், பிந்தினால் பேச்சு விழும். வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன்.

விரலில் குத்தினாள். எண்ணைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். வழமையைவிடக் கூடியிருந்தது. ஏதாவது மாற்றம் உண்டா என்று கேள்விகளைத் தொடங்கினாள்.

"புதுசா டொக்டர் வேற மருந்து தந்தவரோ அத்தான்?"

"இல்லை."

"கீரை, மரக்கறி சாப்பிடுறதிலை வித்தியாசம்?"

"அதே சாப்பாடுதான்."

"நாட்டு மருந்து, வைத்தியர் தந்த சூரணம், அப்பிடி ஏதும்?"

"சீ, அதெல்லாம் நான் எடுக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

பிறகு நேர்ஸ் திரையைப் பார்த்தபடி கடைசிக் கேள்வியைக் கேட்டாள். கஞ்சா ஏதும் பாவிக்கிறாரா? புகைப்பது மட்டுமல்ல, எண்ணெய், துளி, இனிப்பு எதுவாக இருந்தாலும்?

நான் அத்தானைப் பார்த்தேன். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை, நெற்றியில் திருநீறு, மதுவரித் திணைக்களத்தில் இருபது வருடம் அந்தச் சாமானை எரித்தவர். என் அக்காவின் புருஷன். அவரைப் பார்த்து, "அத்தான், கஞ்சா அடிக்கிறனீங்களோ?" என்று எப்படிக் கேட்பது?

சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில், "இல்லை இல்லை, இவர் அப்படி ஆள் இல்லை" என்றேன். நேர்ஸும் சிரித்தாள். ஒரு பெட்டியில் சரி போட்டாள்.

"என்னவாம்?" என்று அத்தான் கேட்டார்.

"ஒண்டுமில்லை, சும்மா."

குளிசையைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னாள். போகும் வழியில் கோப்பி வாங்கிக் குடித்தோம். அத்தான் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

நான் அந்தக் கேள்வியை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கஞ்சா என்ற சொல்லை விட்டுவிட்டு, "எண்ணெய், துளி ஏதும் நாக்கிலை விடுறனீங்களோ?" என்று கேட்டிருந்தாலே போதும். "ஓம், பிள்ளை தந்த எண்ணெய்" என்று அவர் சொல்லியிருப்பார்.

5

பத்தாம் நாள் காலை, பஸ்ஸுக்கு நின்றபடி வழமைபோல அவருக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், எழும்பிட்டீங்களோ?"

"வதனா... கதவு போட்டாச்சு. மழை... மழைக் குளிசை..."

"என்ன அத்தான்?"

"கதவு" என்றார் திரும்பவும். குரல் வாயின் ஒரு பக்கத்தால் வந்தது. பிறகு போன் விழும் சத்தம்.

நான் அழைத்த அம்புலன்ஸில் வந்தவர்கள் குசினி மேசையில் இருந்த குளிசைப் போத்தல்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். லேபிள் இல்லாத சின்னப் போத்தல் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்ததாம். அதை அவர்கள் எடுக்கவில்லை. லேபிள் இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கான் படத்தைக் காட்டினார். மூளையின் இடதுபக்கம் இரத்தம் கசிந்து வெள்ளையாகப் பரவியிருந்தது. இரத்தம் உறையும் எண் அவர்கள் எதிர்பார்க்காத அளவுக்கு ஏறியிருந்தது. குறைத்த குளிசையோடும் இப்படி ஏன் ஏறியது என்று அவருக்குப் புரியவில்லை. வேறு ஏதும் எடுத்தாரா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். எனக்குப் பின்னால் இருந்து அபி சொன்னாள்.

அவள் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன எண்ணெய் பிள்ளை?"

"கஞ்சா, சித்தி" என்றாள். அந்தத் தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. "ஆனா ஹை வராதது. நல்லது எண்டு... நல்லது எண்டுதான்..."

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியின் மருந்தாளர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு சின்ன அறையில் இருத்திப் பேசினார். நடுவயதுப் பெண். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

இந்த எண்ணெய் நஞ்சு இல்லை. சில வகை வலிப்புக்கும், வேறு சில நோய்களுக்கும் இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்துகளை டொக்டர்களே கொடுக்கிறார்கள். மூட்டுவலிக்கு அது உதவும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. சிலருக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு மருந்துதான். இரத்தக் குளிசையை உடம்பிலிருந்து வெளியேற்றுவது ஈரல். இந்த எண்ணெயும் அதே வாசலால்தான் போக வேண்டும். எண்ணெய் வாசலை மறித்து நின்றால் குளிசை வெளியே போக முடியாமல் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். போதை வராது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இயற்கை என்பதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு அவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து ஒன்றைச் சொன்னார். "தெரிந்திருந்தால் நிற்பாட்டச் சொல்லியிருப்போம். இல்லாவிட்டால் குளிசையை இன்னும் குறைத்து, அடிக்கடி இரத்தம் பார்த்திருப்போம்."

அபி முகத்தை மூடிக்கொண்டு, "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவினேன். அந்த நேர்ஸ் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக் கேட்டது என் கண்ணுக்குள் நின்றது. அதை நான் அபியிடம் சொல்லவில்லை.

அத்தான் ஒன்பது நாள் கிடந்தார். கண் திறக்கவில்லை.

6

செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்தி எப்படியோ எட்டியிருந்தது. எட்டும்போது அது வேறு செய்தியாகியிருந்தது. "மகள் தேப்பனுக்குக் கஞ்சா குடுத்துச் சாக்காட்டிப்போட்டாளாம்" என்று ஒரு பக்கம். மனிசன் கடைசிக் காலத்தில் அதற்கு அடிமையாம் என்று இன்னொரு பக்கம். வாழ்நாள் முழுக்க வீட்டில் அந்தச் சொல்லை வாயால் சொல்லாத மனிதரைப் பற்றி.

இன்னொன்றும் நடந்தது. அத்தானோடு காவல் வேலை செய்த ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்தப் போத்தல் மிச்சம் இருக்கே? சீனி வருத்தத்துக்கும் நல்லதாம்" என்று கேட்டார். சவப்பெட்டி அங்கே திறந்திருந்தது. நஞ்சு என்று தூற்றுகிறவர்களும் அமிர்தம் என்று கேட்கிறவர்களும் ஒரே மண்டபத்தில் நின்றார்கள். மருந்தாளர் சொன்னதைக் கேட்க இரண்டு பக்கத்துக்கும் விருப்பமில்லை. நான் விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். விளக்கினால் நேர்ஸ் கேட்ட கேள்வியில்தான் போய் முடியும்.

அதற்குப் பிறகு அபி கிழமைக்கு ஒருதரமாவது என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள். "நான்தான் அப்பாவைக் கொன்றது" என்பாள். "உன்ரை பிழை இல்லைப் பிள்ளை" என்பேன். ஏன் அவள் பிழை இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின. அவள் மெலிந்தாள். வேலைக்கு விடுமுறை எடுத்தாள். நான் புட்டவித்துக் கொடுத்தேன், தலை தடவினேன். சின்ன வயதிலிருந்து விலகிப்போயிருந்த பிள்ளை இப்போது என் மடியில் வந்து கிடக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு இனிப்பும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

புரட்டாதியில் அபி, அப்பாவின் மருத்துவக் கோப்பை எடுக்க விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். இறந்தவரின் கோப்பு என்பதால் உறவு நிரூபிக்கும் கடிதம், மரணச் சான்றிதழ், கையெழுத்து, திரும்பக் கையெழுத்து. ஒருமுறை பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்று எல்லாம் திரும்பி வந்தது. கடைசியில் ஆறு கிழமை என்றார்கள். அந்த ஆறு கிழமையும் எனக்குக் கிடைத்த தவணை. ஒவ்வொரு முறை அவள் வரும்போதும் இன்றைக்குச் சொல்லுவேன் என்று நினைத்தேன்.

7

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அபி வந்தாள். கையில் தடித்த கடித உறை. கோப்பு வந்துவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவள் முகத்தில் கோபம் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

"சித்தி, இதைப் பாருங்கோ." ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

நோயாளி கஞ்சா பாவனையை மறுக்கிறார், மைத்துனி மொழிபெயர்த்தார் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அப்பாவைக் கேட்டிருக்கினம். அவர் இல்லை எண்டு சொல்லியிருக்கிறார்" என்றாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து அவசரமாக வந்தது. "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஏமாத்தேல்லை. அவருக்கு என்ன எண்ணெய் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தவர். என்னைக் காட்டிக்குடுக்காமல் இருக்கத்தான் இல்லை எண்டவர். அப்பிடித்தானே சித்தி? நீங்கள் அங்கை இருந்தனீங்கள். கேட்கேக்கை அவரின்ர முகம் எப்படி இருந்தது?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். "ஓம் பிள்ளை, கொஞ்சம் யோசிச்சவர்" என்று ஒரு வசனம் போதும். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருப்பாள். வாழ்நாளெல்லாம் நான் செய்துவந்த வேலை அதுதான். அந்த வசனம் என் நாக்கில் வந்து நின்றது என்பது சத்தியம்.

"அபி, இரு" என்றேன். "அப்பாட்டை ஆரும் கேக்கேல்லை."

"இதிலை எழுதியிருக்கே."

"நேர்ஸ் என்னட்டைக் கேட்டவ. நான் அப்பாட்டைக் கேக்கேல்லை. எனக்கு வெக்கமா இருந்தது. நானே இல்லை எண்டிட்டன். எண்ணெய், துளி எண்டும் கேட்டவ. அதையும் நான் சொல்லேல்லை. அப்பா என்னவாம் எண்டு கேட்டவர். ஒண்டுமில்லை எண்டனான்."

அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். பிறகும் வாசித்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியாது."

"தெரியாது பிள்ளை."

"உங்களுக்கு இது எப்ப விளங்கினது?"

"மருந்தாளர் சொன்ன அண்டைக்கு."

விரல் விட்டு எண்ணினாள். மாசியிலிருந்து கார்த்திகை. "ஒன்பது மாசம்" என்றாள். "ஒன்பது மாசம் நான் இந்தக் கதிரையிலை இருந்து அழுதனான். நீங்கள் எனக்குச் சாப்பாடு தந்தனீங்கள்."

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தாள். சப்பாத்தைப் போட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

8

மூன்று மாதம் அவள் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பேசவில்லை. மாசியில் அவள் கணவரிடமிருந்து எல்லோருக்கும் போன ஒரே செய்தி எனக்கும் வந்தது: ஞாயிறு காலை, மார்க்கத்தில் வீட்டில் திவசம், மதியம் சாப்பாடு. இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஐயர் கிரியையை முடித்துப் போனபின் முப்பது பேர் வரை நிலவறையில் சாப்பிட இருந்தோம். அபி கறிச் சட்டியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்தபோது என் கையைப் பார்த்துப் பரிமாறினாள், முகத்தைப் பார்க்கவில்லை. அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி சந்திரன் அண்ணை எனக்கு எதிரே இருந்தார். வாய்க் கொழுப்புள்ள மனிதர். அபிக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"உது மருந்தெண்டு சொல்லித் தாய் தேப்பனுக்கே கஞ்சாவைத் தீத்துற காலம். எங்கட பிள்ளையளை நினைச்சாப் பயமாக் கிடக்கு."

அபியின் கை நின்றது. கரண்டி சட்டி விளிம்பில் தட்டியது.

நான் எழும்பினேன். எழும்புவேன் என்று நானே நினைக்கவில்லை.

"சந்திரன் அண்ணை, ஒருக்கால் கேளுங்கோ" என்றேன். "எல்லாரும் கேளுங்கோ. அத்தான் கஞ்சா குடிச்சுச் சாகேல்லை. அவள் குடுத்தது நோவுக்கு ஒரு எண்ணெய். அது அவரின்ர இரத்தக் குளிசையோடை சேராது எண்டு அவளுக்குத் தெரியாது. கிளினிக்கிலை நேர்ஸுக்குத் தெரியும். அவ கேட்டவ. நான் அத்தானைக் கேக்காமல் இல்லை எண்டு சொன்னனான். கஞ்சா எண்ட சொல்லை அவருக்கு முன்னாலை சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. கேட்டிருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். அவள் ஒரு வருஷமா உங்களிட்டை ஏச்சு வாங்குறாள். அதிலை எனக்கும் பங்கிருக்கு."

யாரோ தண்ணீர்க் குவளையை வைத்தார்கள். ஒரு அன்ரி, "உதை இப்ப ஏன் பிள்ளை, திவசத்தண்டு" என்றார். சந்திரன் அண்ணை சோற்றைப் பிசைந்தார். சிறிது நேரத்தில் பேச்சு வேறு எதற்கோ திரும்பியது. விலைவாசியோ, யாரோ வீட்டுக் கலியாணமோ. நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதை உணர்ந்து திரும்பக் கதிரையில் இருந்தேன். அபி அந்த இடத்தில் இல்லை. மேலே குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

சாப்பிடாமல் எழும்பிப் போய்க் குளிர்ச்சட்டையைப் போட்டேன். வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஒரு மணிக்கு ஒன்று. தெருமுனைக்கு நடக்கத் தொடங்கினேன். பின்னால் கராஜ் கதவு திறக்கும் சத்தம். அபியின் கார் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினாள். கண்கள் சிவந்திருந்தன. முன்னால் றோட்டைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும் நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது."

"சரி பிள்ளை" என்றேன்.

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. பிறகு தமிழில், தகப்பனின் குரல்போல ஒரு கட்டையான குரலில் சொன்னாள்.

"குளிருது. ஏறுங்கோ."

ஏறினேன். மார்க்கத்திலிருந்து ஸ்காபரோவில் என் வீட்டு வாசல் வரை அவளே ஓட்டி வந்தாள்.